நாகர்கோவில்ல இருந்து ஒரு மணி நேரத்துல டென்ட் அடிச்சு தங்குறதுக்கு நல்ல எடம் எது?

கூடாரக்காரன்:

மக்களே ஒரு உதவி வேணும். தீபாவளி ஆஃபர்ல ஒரு டென்ட் வாங்கி வச்சிருக்கேன், நாலு பேர் படுக்கலாம்னு பெட்டில போட்டிருக்கு, எந்த ஊர் நாலு பேருன்னு தெரியல, நானும் வீட்டுக்காரியும் ஒம்பது வயசு பையனும் படுத்தா பொரள முடியாது. வந்த அன்னைக்கே மொட்டை மாடில விரிச்சு படுத்தோம், பக்கத்து வீட்டு அம்மா காலைல பாத்துட்டு வீட்டுல ஏதும் சண்டையான்னு கேட்டுட்டாங்க. இப்பம் பையன் நிஜமா காட்டுல போய் அடிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கான்.

எனக்கு வேண்டியது ரொம்ப ஒண்ணும் இல்ல. வடசேரில இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள, மலையோ தண்ணியோ கண்ணுக்கு தெரியணும், கார் பக்கத்துல வர போகணும், கக்கூஸ் வசதி ஏதாவது ஒண்ணு இருக்கணும், ராத்திரி போலீசோ ஃபாரஸ்டோ வந்து எழுப்பி விடக்கூடாது. மனசுல வச்சிருக்கது மூணு எடம், பேச்சிப்பாறை அணைக்கரை, காளிகேசம், சொத்தவிளை பீச். இதுல எது கொள்ளாம்?

காசு கொடுத்து தங்குற கேம்பிங் எடம் சொல்லாதீங்க. போன வருஷம் ஒரு எடத்துக்கு போனோம், பேரு வேண்டாம், சிமெண்ட் தரைல வரிசையா டென்ட் அடிச்சு வச்சிருக்கான், மேல கலர் பல்பு, பன்னெண்டு மணி வரை ஸ்பீக்கர். கல்யாண மண்டபத்துல படுத்த மாதிரிதான் இருந்துச்சு.

தோவாளைக்காரன்:

அண்ணே மொதல்ல காளிகேசத்த லிஸ்ட்ல இருந்து வெட்டுங்க. அது பகல் எடம். கீரிப்பாறை தாண்டி செக்போஸ்ட்ல டிக்கெட் எடுத்து போய், குளிச்சு, கோயில்ல கும்பிட்டு, சாயங்காலத்துக்குள்ள வெளிய வந்துரணும். அந்த காடு பூரா வன உயிரின சரணாலயம் ஆக்கும், 400 சதுர கிலோமீட்டருக்கு மேல, கணக்கு போட்டு பாத்தா நம்ம மாவட்டத்துல ஏறக்குறைய கால்வாசி. அதுக்குள்ள ராத்திரி அனுமதி இல்லாம தங்குனா கேஸ்தான், சும்மா மெரட்டி விட்டுருவாங்கன்னு நெனைக்காதீங்க. 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணி காட்டுத் தீயில 23 பேர் செத்தாங்க இல்லா, அதுக்கப்புறம் மலையேறுறதுக்கே தனியா விதி போட்டு இறுக்கிட்டாங்க. நடக்கணும்னு ஆசைன்னா 2024-ல ட்ரெக் தமிழ்நாடுன்னு வனத்துறையே ஒரு சைட் ஆரம்பிச்சிருக்கு, அதுல புக் பண்ணி கைடோட போகலாம். ஆனா அது நடக்குறதுக்கு, நீங்க கேக்குறது படுக்குறதுக்கு.

பின்ன யானை. கோதையாறு, கீரிப்பாறை, பேச்சிப்பாறை மேல்பக்கம் எல்லாம் யானை வந்து போற எடம். 2023 ஜூன்ல அரிக்கொம்பன்ங்கிற யானைய லாரில ஏத்திட்டு வந்து மேல் கோதையாறு பக்கம் விட்டப்ப ஊரே பேசிச்சு, அதுக்கு முன்னாடி அங்க யானையே இல்லாத மாதிரி. எப்பவும் உண்டு.

அப்புறம் இன்னொண்ணு, நீங்க கேக்காட்டியும் சொல்லுதேன். ஆரல்வாய்மொழி முப்பந்தல் பக்கம் மலையும் காத்தாலை காத்தாடியும் பாக்க அழகா இருக்கேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நானும் ரெண்டு கூட்டாளியும் ஆடி மாசம் ஒருத்தன் தோட்டத்துல டென்ட் அடிச்சோம். அவ்வளவு காத்தாடிய அங்க சும்மாவா நட்டு வச்சிருக்கான்? ராத்திரி ஒரு மணிக்கு கம்பு ஒடிஞ்சு துணி எங்க மூஞ்சில ஒட்டி, வெளிய வரதுக்கு சிப்ப தேடி, ஒருத்தன் உள்ளயே அழ ஆரம்பிச்சுட்டான். மேல போடுற துணி இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை அந்த ஆரல்வாய்மொழி கணவாய் பக்கமே வேண்டாம்.

ராத்திரி பைக்:

ப்ரோ சும்மா பயம் காட்டுறாங்க. சொத்தவிளை சங்குத்துறை ரெண்டுலயும் நாங்க அடிச்சிருக்கோம், யாரும் ஒண்ணும் சொல்லல. சவுக்கு மரத்துக்கு கீழ அடிச்சீங்கன்னா செம. காலைல எந்திரிச்சா நேரா கடல். டவுன்ல இருந்து அரை மணி நேரம் கூட இல்ல. தண்ணி கேன் ரெண்டு, பிரியாணி பார்சல், முடிஞ்சுது கதை.

கடப்புறத்தான்:

தம்பி ராத்திரி பைக், ஒண்ணும் சொல்லலன்னா சந்தோஷப்பட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. உங்க பிரியாணி டப்பாவ காலைல பொறுக்குனது எங்க ஊர் பொம்பளைங்க.

கூடாரக்காரன் சார், நான் கடப்புறத்து ஆளு, மணக்குடி பக்கம். ஊர்க்கடல்ல ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் வள்ளம் எறக்க ஆரம்பிச்சுருவாங்க. கரை உங்களுக்கு காட்சி, எங்களுக்கு அது வேலை பாக்குற எடம், வலை கெடக்கும், கயிறு கெடக்கும், இருட்டுல டென்ட் கெடந்தா தடுக்கி விழுறது நாங்கதான். அதோட கக்கூஸ் வேணும்னு கேட்டிருக்கீங்க, பீச்சுல பகல்ல இருக்க வசதி ராத்திரி பூட்டிக் கெடக்கும், குடும்பத்தோட கஷ்டம்.

கடலப் பத்தியும் சொல்லணும். கள்ளக்கடல்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, எங்கயோ தெக்க பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை நாலஞ்சு நாள் பயணம் பண்ணி நம்ம கரைல வந்து ஏறும், கள்ளன் மாதிரி சத்தமில்லாம வரதுனால அந்த பேரு. சித்திரை வைகாசில அதிகம். 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல டாக்டருக்கு படிச்ச அஞ்சு பிள்ளைங்க போச்சே, அன்னைக்கு இதுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தாங்க, வெயில் நல்லா அடிச்சுட்டு இருந்துச்சு. ஹைதராபாத்துல இருக்க கடல் தகவல் மையம் இன்காய்ஸ்காரங்க இந்த எச்சரிக்கை முன்கூட்டியே போடுவாங்க, கடற்கரைக்கு போறதுக்கு முன்னாடி பாத்துக்கிடுங்க. 2004-ல சுனாமி எங்க மணக்குடி பாலத்தையே தூக்கிட்டு போச்சு, அத பாத்தவனுக்கு அலைக்கு அம்பது அடில தூக்கம் வராது.

கடல் சத்தம் கேட்டுதான் தூங்கணும்னா கரைய விட்டுட்டு உள்ள தள்ளி இருக்க தென்னந்தோப்புக்காரங்ககிட்ட கேளுங்க. ஊர் கமிட்டி ஆட்கள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா யாரும் வந்து கேக்க மாட்டாங்க. ஆனா தென்னைக்கு கீழ மட்டும் அடிக்காதீங்க. தேங்காய் விழுந்தா டென்டுன்னு பாக்காது.

பால்வெட்டு:

குலசேகரம் பக்கத்துல இருந்து எழுதுதேன். பேச்சிப்பாறை பத்தி யாரும் சரியா சொல்லல.

அணை 1906-ல கட்டி முடிச்சது, தண்ணிக்கு பின்னால மலை அடுக்கடுக்கா நிக்கும், சாயங்காலம் அஞ்சரைக்கு பாத்தா வீட்டுக்கு போக மனசு வராது, அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அணைக்கரை நீர்வளத்துறை எடம், மேல்பக்கம் வனம், ராத்திரி ரெண்டுலயும் உங்களுக்கு வேலை இல்ல. பெருஞ்சாணி, சிற்றாறு ரெண்டு அணைக்கும் இதே கதைதான். இப்பம் நவம்பர் வேற. ஐப்பசி கார்த்திகை மழைல உபரித்தண்ணி தொறந்து விட்டா கோதையாத்துல தண்ணி சட்டுனு ஏறும், திற்பரப்புல குளிக்கவே விட மாட்டாங்க. ஆத்தங்கரை மணல் மெத்தை மாதிரி இருக்கேன்னு அங்க அடிச்சீங்கன்னா காலைல டென்ட் குழித்துறைல கெடைக்கும்.

அப்பம் என்ன செய்யன்னு கேட்டா, ஒங்களுக்கு தெரிஞ்சவங்க விளை, அதாவது தோட்டம், ஏதாவது இருக்கான்னு பாருங்க. இதுதான் நம்ம மாவட்டத்துல வழி. இங்க காலி எடம்னு ஒண்ணு கெடையாது, காடு இல்லன்னா யாரோ ஒருத்தர் விளை, கடல் இல்லன்னா யாரோ ஒருத்தர் தோப்பு. தடிக்காரன்கோணம், சுருளகோடு, பெருஞ்சாணி, அருமநல்லூர் பக்கமெல்லாம் மலையடிவாரம் வரை சொந்த விளைதான். ஆபீஸ்ல பத்து பேருகிட்ட கேட்டா ரெண்டு பேருக்கு மாமனாரு விளையாவது இருக்கும். கேட்டா தருவாங்க, ஒரு ராத்திரிதானே. கெணறு இருக்கும், வாச்மேன் ரூமோ ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை, புரைன்னு சொல்லுவோம், அதுவோ இருக்கும், கக்கூசும் இருக்கும். ரோட்டுல இருந்து எவனும் வர மாட்டான்.

ரப்பருக்குள்ள அடிக்குறதுன்னா சில விஷயம். மழைக்காலத்துல அட்டையும் கொசுவும் தாங்க முடியாது, பால் பிடிக்கிற செரட்டைல மழைத்தண்ணி நின்னா அதுலதான் டெங்கு கொசு முட்டை போடும், அதனால பொங்கல் கழிஞ்சு போங்க. ஆனா தை மாசி இலை உதிர்ற நேரம், தரை பூரா சருகு, அதுல கேம்ப்ஃபயர்னு தீ வச்சீங்கன்னா விளைக்காரன் ஒங்கள உயிரோட விட மாட்டான். அடுப்பு மூட்டணும்னா சிமெண்ட் முத்தத்துல வச்சுக்கிடுங்க. அன்னாசி ஊடுபயிரா போட்ட விளை வேண்டவே வேண்டாம், பழுக்குற வாசனைக்கு பன்னி வரும், மலையோரம்னா யானையும் வரும். சாப்பாட்ட டென்டுக்குள்ள வைக்காதீங்க, கார்ல பூட்டுங்க. செருப்ப காலைல ரெண்டு தட்டு தட்டிட்டு போடுங்க.

வேளிமலை அக்கா:

தம்பி பால்வெட்டு சொன்னது சரி. நாங்க ரெண்டு குடும்பமா மூணு வருஷமா அப்படித்தான் போறோம். ஆம்பளைங்க எல்லாரும் யானை அலைன்னு பேசுறீங்க, கூட வர பொம்பளைக்கு முக்கியம் கக்கூஸ் எவ்வளவு தூரம், வழில லைட் இருக்கான்னுதான். கூடாரக்காரன் அத கேள்வியிலயே எழுதியிருக்கார், வீட்டுக்காரி கொடுத்து வச்சவ. போறதுக்கு முந்தின ஞாயிறு பகல்ல ஒருவாட்டி போய் எடத்த பாத்துட்டு வாங்க, கதவுக்கு கொண்டி இருக்கான்னு பாருங்க. பாதி எடத்துல இருக்காது.

பையனுக்கு பகல்ல போரடிக்கும்னா வழில உதயகிரி கோட்டைல எறங்குங்க, புலியூர்குறிச்சி ரோட்டு மேலயே இருக்கு, டிலனாய் கல்லறை உள்ளதான். கொளச்சல்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா தோக்கடிச்ச டச்சுப் படைக்காரன், அப்புறம் அவருக்கே தளபதியா இருந்து இங்கேயே செத்தான்னு சொன்னா பிள்ளைங்க வாயத் தொறந்து கேக்கும். இல்லன்னா சுசீந்திரம் தேரூர் குளத்துல பறவை பாக்கலாம், 2022-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க. தை மாசம் வெளிநாட்டு வாத்து நெறைய நிக்கும்.

ராத்திரிக்கு நான் ஒண்ணு சொல்லுறேன். அமாவாசை பக்கமா பாத்து போங்க. எல்லாரும் பௌர்ணமில போறாங்க, அது தப்பு. தை மாசம் பத்து பத்தரை மணிக்கு தெக்க பாத்து நின்னீங்கன்னா, தலைக்கு மேல பளபளன்னு சிரியஸ் இருக்கும், அதுக்கு கீழ தாழ்வா இன்னொரு பெரிய நட்சத்திரம், அதுதான் அகத்தியர் நட்சத்திரம். நம்ம தாலுகா பேரே அகஸ்தீஸ்வரம், ஆனா எத்தன பேரு அத பாத்திருக்கோம்? விடியக்காலம் நாலு நாலரைக்கு முழிச்சா தெக்கு சிலுவையும் தெரியும், சாஞ்ச பட்டம் மாதிரி நாலு நட்சத்திரம். டெல்லிக்காரனுக்கு அது தொடுவானத்த விட்டு முழுசா எழும்பாது, நாம எட்டு டிகிரி அட்சரேகைல இருக்கதுனால நமக்கு நல்லாவே மேல வரும். தெக்கு பக்கம் மரம் மறைக்காத எடமா பாத்துக்கிடணும்.

ராத்திரி பைக்:

கடப்புறத்தான் அண்ணே சாரி. டப்பா விஷயம் நாங்க இல்ல, ஆனா கூட்டத்துல யாரோ போட்டிருக்கலாம். மருந்துவாழ்மலை உச்சில ராத்திரி தங்கலாமா? சூரியோதயம் செமயா இருக்குமே.

தோவாளைக்காரன்:

தங்காத. விடியுறதுக்கு முன்னாடி டார்ச் எடுத்துட்டு ஏறு, சூரியன பாரு, நாராயணகுரு தவம் பண்ணுன பிள்ளத்தடம் குகைல கொஞ்ச நேரம் இரு, வெயில் ஏறுறதுக்குள்ள எறங்கு. கைல பழம் கொண்டு போகாத, கொரங்கு பைய திறந்து பாக்கும். கோயில் எடத்துல டென்ட் அடிச்சு அதுக்குள்ள நீ என்ன பண்ணுவன்னு எனக்கு தெரியும்.

கூடாரக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மூணு எடமும் போச்சு, நல்லதுதான். ஆபீஸ்ல கேட்டேன், பால்வெட்டு சொன்ன மாதிரியே மூணாவது ஆளுகிட்டயே மாட்டிச்சு, அவனோட தாய்மாமனுக்கு பெருஞ்சாணி போற வழில விளை. பொங்கல் கழிஞ்சு போறதா இருக்கோம். டென்ட் பத்தி ஒரு சந்தேகம், கீழ தார்ப்பாய் விரிக்கணுமா? ஆணி கூட வந்தது கம்பி மாதிரி மெலிசா இருக்கு.

பால்வெட்டு:

விரிக்கணும். ஆனா தார்ப்பாய் டென்ட விட ஒரு சாண் சின்னதா இருக்கணும், வெளிய நீட்டிட்டு இருந்துச்சுன்னா மழையும் பனியும் அதுல விழுந்து நேரா ஒங்க முதுகுக்கு அடில வரும். அந்த கம்பி ஆணி நம்ம செம்மண் சரல்ல வளைஞ்சுரும், ஹார்ட்வேர் கடைல அரை அடி கட்டிக்கம்பி வெட்டி ஒரு முனைய மடக்கி கேளுங்க. மணல்னா ஆணியே நிக்காது, சாக்குல மணல் நெறைச்சு கயிற கட்டி புதைக்கணும். மாமாகிட்ட சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போய் சேருங்க, இருட்டுல அடிச்சா கல்லு மேலதான் படுப்பீங்க.

கூடாரக்காரன்:

போயிட்டு வந்தாச்சு. கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுத்துக்கிடுங்க.

நாலரைக்கே போய் சேந்துட்டோம். ரப்பர் விளைதான், ஆனா வீட்டுக்கு தெக்க பழைய மரம் வெட்டிட்டு வாழை வச்சிருக்கார், அது ஓரமா சமமா ஒரு எடம், அங்க இருந்து பாத்தா வடக்க மலை முழுசா தெரியுது, பக்கத்துல ஓடை சத்தம். டென்ட் அடிக்க இருபது நிமிஷம்னு வீடியோல சொன்னான், எங்களுக்கு ஒண்ணே கால் மணி நேரம், அதுல பாதி நேரம் மாமா சேர் போட்டு உக்காந்து எங்கள பாத்து சிரிச்சார். அப்புறம் அவரே எந்திரிச்சு வந்து ரெண்டு இழு இழுத்தார், நின்னுடுச்சு.

சாப்பாட்டுக்கு நாங்க நூடுல்ஸ் கொண்டு போயிருந்தோம். மாமி அத வாங்கி ஓரமா வச்சுட்டு மரச்சீனிக் கிழங்கு அவிச்சு சாளைக் கறி வச்சுட்டாங்க. முத்தத்துல உக்காந்து சாப்பிட்டோம், பையன் வீட்டுல மீன் தொட மாட்டான், அங்க மூணு துண்டு. காசு கொடுக்கப் போனா மாமாவுக்கு கோவம் வந்துருச்சு. வரும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் வேற கார்ல வச்சு விட்டார், நாங்கதான் கடனாளி ஆயிட்டோம்.

அக்கா, அகத்தியர் நட்சத்திரம் பாத்தோம். பையன் தூங்கிட்டான், நானும் வீட்டுக்காரியும் மட்டும். கல்யாணம் ஆகி பதினோரு வருஷத்துல ரெண்டு பேரும் ஃபோன் இல்லாம ஒரு மணி நேரம் அண்ணாந்து பாத்துட்டு நின்னது அதுதான் மொத தடவை. கொண்டி இருந்துச்சு, அதையும் சொல்லணும்.

தப்பு நடந்ததும் சொல்லிடுறேன். பனிக்கு பயந்து எல்லா ஜன்னலையும் சிப் போட்டு மூடிட்டேன், மூணு பேர் மூச்சும் உள்ளயே நின்னு துணில வேர்த்து சொட்ட ஆரம்பிச்சுருச்சு, பையன் எந்திரிச்சு மழைன்னு கத்துனான். மேல இருக்க காத்து ஓட்டைய தொறந்து வைக்கணுமாம், பெட்டிலயே படம் போட்டிருந்தது, யாரு பாத்தா. அதுக்கப்புறம் மூணரை மணிக்கு வெளிய வெளிச்சம் அங்கயும் இங்கயும் அசையுது, ஒண்ணு இல்ல நாலஞ்சு. வீட்டுக்காரி என் கைய பிடிச்ச பிடி இன்னும் வலிக்குது. பாத்தா பால் வெட்டுறவங்க, நெத்தில லைட் கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் போறாங்க. பால்வெட்டு அண்ணே, யானை பன்னி எல்லாம் சொன்னீங்க, ஒங்க தொழில பத்தி ஒரு வார்த்தை சொல்லல!

அந்த பயத்துல முழிச்சதுனாலதான் தெக்கு சிலுவை கிடைச்சுது. வாழை எலைக்கு மேல, சாஞ்சு. ஒரு வெட்டுக்காரர் நின்னு எங்க கூட அண்ணாந்து பாத்துட்டு, இது தெனமும் உண்டே, என்ன விசேஷம்னு கேட்டுட்டு போயிட்டார்.

பால்வெட்டு:

ஹா ஹா மன்னிச்சிருங்க, எனக்கு அது தெனமும் நடக்குறது, அதனால தோணல. வெயில் ஏறுனா பால் சீக்கிரம் ஒறைஞ்சுரும், அதான் இருட்டுலயே வெட்டுறது. டென்ட நல்லா காய வச்சு மடக்குனீங்களா? ஈரத்தோட வச்சா பத்து நாள்ல கரும்புள்ளி பிடிச்சுரும், போகாது.

கூடாரக்காரன்:

மொட்டை மாடில காயுது. பக்கத்து வீட்டு அம்மா மறுபடியும் பாத்துட்டாங்க, இந்த தடவை ஒண்ணும் கேக்கல. மாமா இப்பதான் ஃபோன் பண்ணினார், வாழை மூட்டுல ரெண்டு கம்பி ஆணி கெடந்துச்சாம், எடுத்து புரைல தொங்க விட்டிருக்கேன், மாசில வரும்போது எடுத்துக்கன்னார்.